துபாய்க்கு வேலைக்குப் போற பொண்ணுங்க ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலைகள்

துபாய்ல வேலை கெடச்சிருக்குன்னு ஒரு பொண்ணு சொன்னா வீட்ல வர்ற முதல் கேள்வி "தனியா இருந்தா சேஃப்டியா?"ன்னுதான். ராத்திரி பத்து மணிக்கு மெட்ரோல தனியா வரலாம், லேடீஸ் கேபின் தனியா இருக்கு, அதுல ஆம்பளை ஏறினா 100 திர்ஹாம் ஃபைன், பிங்க் கூரை போட்ட லேடீஸ் டாக்ஸியும் ஓடுது. ரோட்டப் பத்தின பயத்த கொஞ்சம் ஓரமா வைங்க. இடிக்கிற இடமெல்லாம் பேப்பர்லயும் நம்ம ஆளுங்க மண்டைலயும்தான், அதுல முக்கால்வாசி இங்க இருந்தே முடிச்சிட்டுப் போக வேண்டியது.

கம்பெனி மூலமா போறீங்கன்னா முதல்ல தாண்ட வேண்டிய கதவே உங்க மேனேஜர்தான். வெளிநாட்டுக்கு யார அனுப்பலாம்னு லிஸ்ட் போடும்போது "அவங்களுக்கு சின்னக் குழந்தை இருக்கு, வரமாட்டாங்க"ன்னு உங்ககிட்ட கேக்காமயே முடிவு பண்ணிருப்பாங்க. 1980கள்லயே நான்சி அட்லர்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஆசிய நாடுகளுக்குப் போன வட அமெரிக்கப் பெண் மேனேஜர்கள்கிட்ட பேசிப் பாத்தாங்க. அங்க இருந்தவங்க இவங்கள வெளிநாட்டுக்காரின்னுதான் முதல்ல பாத்தாங்களாம், பொம்பளைங்கறது அப்புறம்தான், பெரிய தடையே அனுப்பத் தயங்குன சொந்தக் கம்பெனிதானாம். நம்ம கலருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அந்த மரியாதை அப்படியே கெடைக்காது, அது வேற கதை, ஆனா கம்பெனி தயக்கம் மட்டும் இன்னிக்கும் அச்சு அசல். அதனால "நான் போக ரெடி, குடும்பத்தோட வருவேன், இந்த மாசத்துக்கு மேல எப்ப வேணா கிளம்பலாம்"னு ஒரு மெயில் போட்டு வெச்சிடுங்க, வாய்ல சொன்னா காத்தோட போயிடும்.

ஆஃபர் வந்ததும் மொத்த சம்பளத்தப் பாத்து மயங்காதீங்க, பேசிக் எவ்ளோன்னு பாருங்க, ஏன்னா அங்க கிராஜுவிட்டி, அதாவது வேலைய விட்டுப் போகும்போது குடுக்குற பணம், பேசிக்க வெச்சுத்தான், முதல் 5 வருஷம் வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுக்கு மேல 30 நாள். பேசிக்கக் கொறச்சு அலவன்ஸ ஏத்திக் காட்டுறது எல்லாருக்கும் பண்ற வித்தைதான். நமக்குன்னே இன்னொண்ணு இருக்கு: கல்யாணமான ஆம்பளைக்கு ஃபேமிலி ஸ்டேட்டஸ் போட்டு வீட்டு வாடகை, எல்லாருக்கும் டிக்கெட், ஸ்கூல் ஃபீஸ்னு குடுப்பாங்க, அதே கிரேடுல பொண்ணு வந்தா சிங்கிள் ஸ்டேட்டஸ், கேட்டா "உங்க ஹஸ்பண்ட் இருக்காருல்ல"ன்னு சிரிப்பாங்க. 2022 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த யுஏஇ லேபர் சட்டம் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்னு சொல்லுது. இதே கிரேடுக்கு ஃபேமிலி பேக்கேஜ் என்னன்னு எச்ஆர்கிட்ட மெயில்லயே கேளுங்க, சைன் பண்ணதுக்கு அப்புறம் கேட்டா ஒண்ணும் நடக்காது.

புருஷனையும் பிள்ளைங்களையும் நீங்களே ஸ்பான்சர் பண்ணலாம், அதாவது உங்க பொறுப்புல விசா எடுத்துக் கூட்டிட்டுப் போகலாம். முன்னாடி டீச்சர், டாக்டர், இன்ஜினியர்னு சில வேலைல இருந்தாத்தான் பொண்ணுங்களுக்கு விடுவாங்க, 2019லேர்ந்து வேலை எதுவா இருந்தாலும் சம்பளம்தான் கணக்கு, மாசம் 4,000 திர்ஹாம், இல்லன்னா 3,000மும் தங்க இடமும். பிள்ளைங்களுக்கு அப்பா எழுதிக் குடுக்குற சம்மதக் கடிதம் கேப்பாங்க, அதையும் ரெடி பண்ணிக்கோங்க.

இதுல நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்க மாட்டுற இடம் இனிஷியல். டிகிரில "கவிதா ஆர்", பாஸ்போர்ட்ல "கவிதா ராமசாமி", ஆதார்ல கல்யாணத்துக்கு அப்புறம் மாத்துன புருஷன் இனிஷியல், மேரேஜ் சர்டிபிகேட்ல இன்னொரு மாதிரி ஸ்பெல்லிங். நாலும் ஒரே ஆள்தான்னு நமக்குத் தெரியும், கவுண்டர்ல உக்காந்திருக்கவருக்குத் தெரியாது. எல்லாத்தையும் டேபிள்ல பரப்பி எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க, மாறியிருந்தா பாஸ்போர்ட்டுக்கு ஏத்தமாதிரி இங்கயே திருத்திடுங்க. கோயில் ரசீது, மண்டப பில் எல்லாம் செல்லாது, ரிஜிஸ்டர் ஆபீஸ் சர்டிபிகேட் வேணும், அதுக்கு மாநில அரசு, நம்ம வெளியுறவுத்துறை, யுஏஇ தூதரகம், அப்புறம் அங்க போய் அவங்க வெளியுறவுத்துறைன்னு வரிசையா அட்டெஸ்டேஷன். ஒரு சீல் விட்டுப்போனாலும் மறுபடி இங்கதான் அனுப்பணும்.

புருஷன் உங்க விசால இருந்துக்கிட்டே வேலை பாக்கலாம், 2019லேர்ந்து ஆம்பளைங்களுக்கும் அந்த வொர்க் பர்மிட் உண்டு. ஆனா வேலை கெடைக்கற வரைக்கும் "பொண்டாட்டி விசால உக்காந்திருக்கான்"னு ஊர்ல இருந்து போன் வரும், அவரும் மனுஷன்தானே, ஒரு நாள் அது சண்டையா வெடிக்கும். சமையல் யாரு, ஸ்கூல் பஸ்ஸுக்கு யாரு, அவர் கைச்செலவுக்குப் பணம் எந்த அக்கவுண்ட்லேர்ந்து, இதெல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. உங்க வேலை போனா அவங்க விசாவும் போகும், அதனால மூணு மாச செலவு தனியா எடுத்து வெச்சிக்கோங்க.

குழந்தை பிளான் இருந்தா கணக்கப் பாருங்க. இங்க முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் லீவு, அங்க 60 நாள்தான், 45 நாள் முழு சம்பளம், 15 நாள் பாதி. டிஐஎஃப்சிங்கற துபாயோட நிதி மண்டலத்துல இருக்குற கம்பெனின்னா சட்டமே வேற, ஒரு வருஷம் சர்வீஸ் முடிச்சிருந்தா 65 வேலை நாள். கர்ப்பம்ங்கறதுக்காக வேலைய விட்டுத் தூக்கக்கூடாது. இன்சூரன்ஸ்ல மெட்டர்னிட்டிக்கு வெயிட்டிங் பீரியட் இருக்கான்னு மட்டும் கேட்டுடுங்க.

ஆபீஸ்ல பழகுறது ஈஸிதான். கை குடுக்க நீங்களா முந்தாதீங்க, சிலர் நெஞ்சுல கை வெச்சு வணக்கம் சொல்வாங்க, அது அவமரியாதை இல்ல.

யாராவது தப்பா மெசேஜ் பண்ணா, தொட்டா, கவனமா கேளுங்க: ஸ்கிரீன்ஷாட் எடுத்து பத்திரமா வெச்சிக்கோங்க, ஆனா பேஸ்புக்லயோ ஆபீஸ் குரூப்லயோ போடாதீங்க, கோவத்துல திட்டி ரிப்ளையும் பண்ணாதீங்க. அங்க சைபர் சட்டம் ரொம்ப ஸ்ட்ரிக்ட், அடுத்தவங்க படத்தையும் பேச்சையும் அனுமதி இல்லாம பரப்புனா கேஸ் உங்க மேலயே திரும்பும், நம்ம ஊர்ல போஸ்ட் போட்டு நியாயம் கேக்குற பழக்கம் அங்க உதவாது. செக்ஷுவல் ஹராஸ்மென்ட் அங்க ஜெயிலுக்குப் போற குற்றம், லேபர் சட்டத்துலயும் தடை இருக்கு, அதனால தேதி நேரத்தோட எழுதி வெச்சு நேரா எச்ஆர்கிட்டயோ போலீஸ்கிட்டயோ போங்க.

பாஸ்போர்ட்ட கம்பெனி வாங்கி வெச்சிக்கக் கூடாது, கேட்டா காப்பி குடுங்க. போலீஸ் 999, பெண்களுக்கும் குழந்தைங்களுக்கும் துபாய்ல 800111, இந்தியக் கான்சுலேட் உதவி மையம் 80046342. போன்ல சேவ் பண்ணதோட விடாம ஒரு தாள்லயும் எழுதி பாஸ்போர்ட் கவர்ல வைங்க, போனே தொலைஞ்சாலும் கையில இருக்கும்.