ஆடி முடித்தவர் வாங்கில் அமரும்போது: புதிய உதவிப் பயிற்றுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கூடைப்பந்தாட்டத்தை விட்டு முழுதாக விலகியவர் எவரையும் நான் கண்டதில்லை. முழங்கால் கைவிட்ட பிறகும் யாராவது ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் பதினேழு வயதுப் பிரிவுக்கு உதவிப் பயிற்றுநர் ஒருவர் வேண்டும், வர முடியுமா?" என்று கேட்பார். அதிகம் யோசிக்காமல் ஒப்புக்கொண்டுவிடுவோம். அப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் நட்சத்திர வீரர்கள் அல்லர். இரண்டு வருடம் ஒரு கழகம், ஒரு வருடம் ஒரு வங்கி, பிறகு வணிக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிக்காக ஓர் ஆடைத் தொழிற்சாலை அணி என்று பெட்டியும் கையுமாக ஆடி முடித்தவர்கள். நானும் அந்த இனம்தான்.

இந்த இனத்துக்கு ஒரு பலம் உண்டு. ஆறு பயிற்றுநர்களிடம் ஆறு விதமான ஆட்டத்தைக் கற்றிருப்போம். முதல் ஐவரிலும் நின்றிருப்போம், வாங்கின் கடைசி மூலையில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டும் இருந்திருப்போம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்பிஏயில் இதை நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 1996ஆம் ஆண்டுத் தேர்வில் டார்வின் ஹாமை எந்த அணியும் எடுக்கவில்லை. அணி மாறி அணி மாறி ஆடி, 2004இல் டெட்ரொய்ட் பிஸ்டன்ஸ் சம்பியனானபோது அந்த அணியில் இருந்தார். 2011இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தவர், வேறு இரண்டு அணிகளில் உதவியாளராக இருந்துவிட்டு, 2022இல் அதே லேக்கர்ஸுக்குத் தலைமைப் பயிற்றுநராகத் திரும்பினார்.

இந்தப் பலத்தை எப்படி வீணாக்குவது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதல் தவறு சப்பாத்தில் தொடங்குகிறது. பயிற்றுவிக்கப் போகிற முதல் நாளே ஆடும் சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். 'பிக் அண்ட் ரோல்' எப்படி என்று காட்டச் சொன்னார்கள்: ஒருவன் எதிராளியின் வழியை மறித்து நிற்பான் (அதுதான் ஸ்கிரீன்), பந்து வைத்திருப்பவன் அவனை ஒட்டிச் சுற்றி வருவான். பையன்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, ஸ்கிரீனை ஒட்டிச் சுற்றி வந்து இடது கையால் பந்தை வளையத்துக்குள் இட்டேன். கைதட்டினார்கள். இன்னொரு முறை செய்தேன். பிறகு தடுப்பவன் பின்வாங்கினால் என்ன செய்வது, முன்னால் பாய்ந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக நானே ஆடிக் காட்டினேன். இருபது நிமிடம் ஓடிவிட்டது. தலைமைப் பயிற்றுநர் ஓரத்தில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் போடும்போதுதான் கேட்டார்: "இன்று எந்தப் பையன் எத்தனை தடவை பந்தைத் தொட்டான்?" எனக்குத் தெரியவில்லை. நான் எத்தனை தடவை தொட்டேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்று முறை காட்டினால் போதும். அதன் பிறகு ஸ்கிரீன் போடுகிறவனின் கால்களைப் பாருங்கள். பாதங்கள் தோளைவிடச் சற்றே அகலமாக ஊன்றியிருக்கின்றனவா? எதிராளி மோதும் கணத்தில் இடுப்பு அவன் பக்கம் நகர்கிறதா? நகர்ந்தால் மத்தியஸ்தர் விசில் ஊதுவார். நாம் பதினைந்து வருடம் யோசிக்காமல் செய்த வேலை அது, அதனால் அதைச் சொற்களில் சொல்ல வராது. சொற்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் புதிய வேலை.

இதற்குத் தங்கை முறையான இன்னொரு தவறு, 'எங்கள் ஊரில் இப்படித்தான்' என்பது. கொழும்பில் ஆடும் தமிழ் வீரர்களில் பலர் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். அங்கே கூடைப்பந்தாட்டம் என்றால் புனித மிக்கேல் கல்லூரி நினைவுக்கு வரும், அதோடு யூஜின் ஹீபர்ட் அடிகளாரும் நினைவுக்கு வருவார். 1948இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி அவர். பரம்பரை பரம்பரையாகப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்துவிட்டு, 1990 ஆகஸ்டில் காணாமற்போனார். அந்த வழியில் கற்றவர்களின் பெருமிதம் நியாயமானது. ஆனால் தலைமைப் பயிற்றுநர், ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் பகுதித் தடுப்பு ஆடச் சொல்லும்போது, ஆளுக்கு ஆள் தடுப்பதுதான் உண்மையான ஆட்டம் என்று பையன்களின் காதில் ஓதுவது பெருமிதத்தோடு சேர்ந்ததல்ல. உங்களுக்கு ஆறு முறைகள் தெரியும் என்பதன் பயன், ஏழாவது ஒன்றை விரைவாகக் கற்றுக்கொள்ள முடியும் என்பதுதான்.

கடைசி மூலையின் ஆபத்து

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இது. அணி அணியாக மாறி ஆடியவர்கள்தாம் இதில் எல்லோரையும்விட எளிதாக விழுவார்கள்.

ஒவ்வொரு அணியிலும் ஆட்டத்தில் இறக்கப்படாத ஒரு பையன் இருப்பான். பயிற்சிக்கு முதலில் வருவான், தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்குவான், நான்காவது கால் பகுதியில் அணி இருபது புள்ளிகள் முந்தியிருந்தால்தான் உள்ளே போவான். அவன் உங்களைத் தேடி வருவான். தலைமைப் பயிற்றுநர் அவனுக்கு 'சேர்', நீங்கள் இன்னும் 'அண்ணா'. மழை பிடித்து, சீமெந்துத் திடலில் தண்ணீர் தேங்கிப் பயிற்சி நின்றுபோன ஒரு மாலை, கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தபோது ஒருவன் என்னிடம் கேட்டான்: "அண்ணா, சேர் ஏன் என்னை ஆட விடுவதில்லை?"

எனக்கு என் பழைய துவாய் நினைவுக்கு வந்துவிட்டது. "நானாக இருந்தால் உன்னை ஆட விட்டிருப்பேன்" என்றேன்.

அந்த வார்த்தை அன்றிரவே அவனுடைய வீட்டுக்குப் போனது. மறுநாள் மாலை தகப்பனார் வேலியோரம் வந்து நின்று, "உங்கள் உதவிப் பயிற்றுநரே சொல்கிறார்" என்று தலைமைப் பயிற்றுநரிடம் தொடங்கினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். ஒரு வாக்கியத்தால் மூன்று பேரைக் கெடுத்தேன்: தலைமைப் பயிற்றுநருக்கு என்மேல் இருந்த நம்பிக்கை போனது, தகப்பனாருக்கு அவர்மேல் இருந்த மரியாதை போனது, பையனுக்கோ இனி என்ன செய்தாலும் மாறாது என்ற எண்ணம் வந்துவிட்டது.

அவனிடம் சொல்லியிருக்க வேண்டியது வேறு. எதிராளி பந்தோடு வெட்டித் திரும்பும்போது அவனுடைய பின்கால் தாமதமாக நகரும். அதுதான் காரணம், அது எனக்கும் தெரியும். "நாளைக்கு அரை மணி முந்தி வா, அந்தக் காலை மட்டும் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் போதும். அவனுக்குத் தேவைப்பட்டது என் அனுதாபமல்ல. துவாய்க்காரனாக இருந்த காலத்தில் எனக்கும் யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் ஏங்கினேன். அந்த ஏக்கத்தை மறந்துவிட்டு மனக்குறையை மட்டும் நினைவில் வைத்திருந்தேன்.

வீரர்களின் நெருக்கத்தை விடச் சொல்லவில்லை. வீட்டில் பிரச்சினை, காலில் மறைக்கப்பட்ட வலி, உயர்தரப் பரீட்சைப் பயம், இவையெல்லாம் உங்களிடம்தான் முதலில் வரும். வலி பற்றிய செய்தி தலைமைப் பயிற்றுநருக்குப் போகத்தான் வேண்டும், அதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றவற்றில் எது போக வேண்டும், எது உங்களோடு நிற்க வேண்டும் என்பதை அவ்வப்போது தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஆனால் வீரர் தேர்வு பற்றிய உங்கள் கருத்து கீழ்நோக்கி ஒருபோதும் போகக்கூடாது. மேல்நோக்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

விதிப்புத்தகத்தைத் திறக்காத வீரர்

ஆடியவர்களுக்கு விதி தெரியும் என்பது நம்மிடையே உள்ள மூடநம்பிக்கை. ஆடுபவனுக்கான விதிகள் தெரியும். வாங்குக்கான விதிகள் தனி. சர்வதேச விதிகளின்படி தலைமைப் பயிற்றுநரும் முதல் உதவிப் பயிற்றுநரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கக்கூடாது, ஒருவர்தான் நிற்கலாம். டைம் அவுட், அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் இடைவேளை, கேட்கும் உரிமை அந்த இருவருக்கும் உண்டு. ஆள் மாற்றத்தை இருவருமே கேட்க முடியாது. உள்ளே போகப்போகும் வீரன் தானே மேசைக்குச் சென்று கேட்க வேண்டும். மேசையிலிருப்பவர்களைப் பார்த்துக் கத்திக் கையசைக்கும் உதவிப் பயிற்றுநரை நீங்கள் எத்தனை தடவை கண்டிருப்பீர்கள்?

மிகவும் விலையுள்ள விதி வேறு. உதவிப் பயிற்றுநர் மத்தியஸ்தரிடம் வாய் காட்டினால் விதிக்கப்படும் தொழில்நுட்பத் தவறு, தலைமைப் பயிற்றுநரின் பெயரில்தான் எழுதப்படும். வாங்கிலிருந்து வந்த அத்தகைய தவறுகள் மூன்று சேர்ந்தால் அவர் அரங்கை விட்டு வெளியேற வேண்டும். ஒரு பாடசாலை ஆட்டத்தில் எங்கள் வாங்குக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. மூன்றாவது என்னுடையது. தடுத்தது பவுலா (விதிமீறலா) இல்லையா என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை, நான் சொன்னது சரிதான். ஆனால் வெளியே போனவர் அவர். நான் எழுந்து நின்றேன். தலைமை இடத்தில் நிற்க வேண்டும் என்ற என் ஆசை அப்படித்தான் நிறைவேறியது. மீதி ஆறு நிமிடத்தில் எங்களுக்கு எத்தனை டைம் அவுட் மிச்சம் என்பதே எனக்குத் தெரியாமல் அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

இப்போது ஒரு சிறிய அட்டை வைத்திருக்கிறேன். முதல் பாதியில் டைம் அவுட் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, அதிலும் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டுதான் எடுக்கலாம். ஒவ்வொரு கால் பகுதியிலும் அணியின் பவுல்கள் நான்கைத் தாண்டினால் எதிரணிக்கு இரண்டு பிரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வளையத்துக்கு எறியும் வாய்ப்பு. இவற்றைக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்தான் நல்ல உதவிப் பயிற்றுநர். தலைமைப் பயிற்றுநர் திரும்பிக் கேட்கும்போது மேசையைப் பார்க்காமல் "இரண்டு இருக்கிறது" என்று சொல்ல முடிந்தால், அந்த மாதச் சம்பளம் நியாயமாகிவிட்டது.

டைம் அவுட் ஒரு நிமிடம்தான். வீரர்கள் நடந்து வந்து தண்ணீர் குடிக்கவே பத்துப் பதினைந்து விநாடிகள் போய்விடும். எஞ்சிய நேரத்தில் இரண்டு குரல்கள் கேட்டால் பையன் எதையும் கேட்கமாட்டான். தலைமைப் பயிற்றுநர் பேசி முடித்தபின் ஒருவனின் தோளைத் தொட்டு, அவர் சொன்னதையே ஐந்து சொற்களில் சொல்லுங்கள். புதிதாக ஒன்று தோன்றினால் அதை வீரர்கள் வந்து சேருமுன் அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு மொழி, மூன்று மொழி

இது கொழும்புக்கே உரிய சிக்கல். ஒரே அணியில் சிங்களம் பேசும் பையன்கள், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பையன்கள், வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லோரும் இருப்பார்கள். தலைமைப் பயிற்றுநர் சிங்களத்தில் சொன்னதை நான் ஓரமாக இரண்டு தமிழ்ப் பையன்களை அழைத்துத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன். நல்லெண்ணம்தான். சில வாரங்களில் மற்றவர்கள் அவர்களை 'உதவிப் பயிற்றுநரின் ஆட்கள்' என்று பார்க்கத் தொடங்கினார்கள், பந்து அவர்களுக்கு வருவது குறைந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பிரிவினை என்பது திடலில் ஒருவனுக்குப் பந்து கொடுப்பது ஒரு தடவை குறைவதாகத்தான் முதலில் தெரியும்.

அதன் பிறகு தமிழில் சொல்வதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, உடனே அதையே என் தட்டுத்தடுமாறும் சிங்களத்திலும் சொன்னேன். என் வினைச்சொற்களைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தடுப்பாட்டத்தில் கூவும் சொற்களுக்கு மட்டும் ஒரே மொழிதான் என்று முடிவு செய்தோம்: 'ஸ்கிரீன்', 'ஸ்விட்ச்' (தடுக்கும் ஆளை மாற்று), 'ஹெல்ப்'. அரை விநாடியில் மொழிபெயர்க்க எவராலும் முடியாது.

காணொளி பற்றிச் சுருக்கமாக. 'நான் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன்' என்பவர்கள் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவை நினைத்துப் பார்க்கலாம். என்பிஏயில் ஒரு நிமிடம்கூட ஆடாதவர், 1995இல் மியாமி ஹீட்டின் காணொளி அறையில் வேலைக்குச் சேர்ந்து, 2012இலும் 2013இலும் அதே அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகக் கிண்ணம் வென்றார். நமக்குக் காணொளி அறை இல்லை, ஒரு பெற்றோரின் கைபேசியை வேலியில் கட்டினால் போதும். ஆறு துண்டுகள் வெட்டுங்கள், அதற்கு மேல் பையன்களின் கண்கள் நிற்காது. அவற்றை இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தன் தவறைப் பெற்றோர்களோடு சேர்ந்து பார்க்கும் பதினாறு வயதுப் பையன் அதிலிருந்து எதையும் கற்கமாட்டான்.

அவசரமும் ஒரு தவறுதான், ஆனால் அதைப் பற்றி உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. எட்டு என்பிஏ அணிகளுக்கு ஆடிய சாம் கசெல் 2009இல் வொஷிங்டனில் உதவிப் பயிற்றுநரானார். 2024இல் பொஸ்டன் செல்டிக்ஸ் சம்பியனானபோதும் உதவிப் பயிற்றுநராகவே இருந்தார். ஏட்ரியன் கிரிபின் நீண்டகாலம் உதவியாளராக இருந்து 2023இல் மில்வோக்கி பக்ஸின் தலைமைப் பொறுப்பைப் பெற்றார். 30 வெற்றி, 13 தோல்வி என்ற நிலையில் அடுத்த ஜனவரியிலேயே நீக்கப்பட்டார். தலைமைப் பயிற்றுநரின் இருக்கைக்கு நகர்வது பதவி உயர்வா என்பது அமர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாகப் பணம். முன்னாள் வீரர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். விளையாட்டின் மீதுள்ள அன்பினால் வருகிறார் என்று அழைப்பவர்களும் நினைத்துக்கொள்வார்கள். பருவம் தொடங்குமுன் மாதக் கொடுப்பனவு எவ்வளவு, பரீட்சைக்காகப் பயிற்சி நிற்கும் மாதங்களில் அது உண்டா, வெளியூர்ப் போட்டிகளுக்குப் பயணச் செலவு யார் தருவது, பையன் காயப்பட்டால் வைத்தியசாலைக்கு யார் கூட்டிப் போவது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முச்சக்கரவண்டிக் கட்டணத்தையும் சேர்த்து.