சாங்கி தேவாலய அரும்பொருளகத்துக்குப் பொதுப் போக்குவரத்தில் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் உள்ள போர்க்கால நினைவிடங்களுக்குக் குடும்பங்களையும் மாணவர்களையும் அழைத்துச் செல்லும் தொண்டூழியர் குழு ஒன்றில் நெடுங்காலமாக இருந்துவருகிறேன். புதியவர்கள் சேரும் ஒவ்வொரு முறையும், முன்பு சேர்ந்தவர்கள் செய்த அதே பிழைகள், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர்களை நினைவுகூரும் இந்தச் சாங்கி அரும்பொருளகத்துக்கான பயணத்தில் திரும்ப நிகழ்கின்றன. அட்டையில் பணம் நிரப்புவது, இறங்கும்போது மறக்காமல் அட்டையைத் தட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் அவை தெரியும்.

விமான நிலையத்துக்கு ரயிலேறுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் தொடர்வதால், இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான். அரும்பொருளகத்தின் பெயரில் சாங்கி இருக்கிறது, ரயில் வரைபடத்தின் கிழக்கு முனையிலும் சாங்கி இருக்கிறது. எனவே கடைசி நிலையத்தில் இறங்கினால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்றை அழைத்து வரும் பொறுப்பைப் புதிதாகச் சேர்ந்த இளையர் ஒருவர் ஏற்றிருந்தார். நான் அரும்பொருளகத்தின் வாசலில் காத்திருந்தேன். சொன்ன நேரம் கடந்து வெகுநேரம் கழித்துத்தான் தொலைபேசி ஒலித்தது. “அக்கா, சாங்கிக்கு வந்துட்டோம். மியூசியத்துக்கு எந்த டெர்மினல் வழியா வரணும்?” என்று கேட்டார். விமான நிலையத்துக்கும் அரும்பொருளகத்துக்கும் இடையே ஓடுபாதை இருக்கிறது என்பதையும், அங்கிருந்து நடந்து வர வழியே இல்லை என்பதையும், இந்தப் பக்கம் வரும் 2ஆம் எண் பேருந்து விமான நிலையத்துக்குள் நுழைவதில்லை என்பதையும் நான் விளக்கி முடிப்பதற்குள், பாட்டியால் இனி நிற்க முடியவில்லை என்று சொல்லி டாக்சி வரிசைக்குச் சென்றுவிட்டார்கள். ஆறு பேர் என்பதால் இரண்டு டாக்சிகள். விமான நிலையத்தில் ஏறினால் மீட்டர் கட்டணத்துக்கு மேல் கூடுதல் கட்டணம் உண்டு என்பதால் அதையும் இரண்டு முறை கொடுத்தார்கள். பணத்தைவிட நேரம் போனதுதான் எனக்கு வருத்தம். போரின்போது ஜப்பானியர்கள் கட்டவைத்த சயாம் மரண ரயில்பாதைக்குத் தம் மாமனாரை மலாயாத் தோட்டத்திலிருந்து கொண்டுபோனார்கள் என்று சொல்லிக்கொண்டு, அதே பாதைக்குச் சாங்கியிலிருந்து அனுப்பப்பட்ட போர்க்கைதிகளின் பொருள்களைப் பார்ப்பதற்காகவே வந்திருந்த அந்தப் பாட்டி, பாதிக் கூடங்களைக்கூடப் பார்க்க முடியாமல் திரும்பினார்.

சரியான வழி எளிது. கிழக்கு மேற்கு ரயில் பாதையில் தானா மேரா நிலையத்தில் இறங்குங்கள். விமான நிலையக் கிளைப் பாதைக்கு மாறாமல் நிலையத்தை விட்டு வெளியே வந்து, சாங்கி வில்லேஜ் நோக்கிச் செல்லும் 2ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். எதிர்த்திசைப் பேருந்து உங்களை நகரத்துக்கே கொண்டுபோய்விடும் என்பதால், முகப்பில் உள்ள பெயரைப் படித்த பிறகே ஏற வேண்டும். வழியில் 1936இல் கட்டப்பட்ட சாங்கிச் சிறையின் பழைய வாயிலும் மதிலும் வரும். அவற்றுக்கு 2016இல் தேசிய நினைவுச்சின்னத் தகுதி அளிக்கப்பட்டது. சிறை வளாகத்தைக் கண்டதும் இறங்குவதற்குத் தயாராகிவிடுங்கள். தவறவிட்டால் பேருந்து லோயாங் பக்கம் போய்விடும்.

தெருப் பெயரைப் பாதி மட்டும் படிப்பது

சாங்கி ரோடு, நியூ அப்பர் சாங்கி ரோடு, அப்பர் சாங்கி ரோடு ஈஸ்ட், அப்பர் சாங்கி ரோடு நார்த் ஆகியவை வெவ்வேறு சாலைகள். அரும்பொருளகத்தின் முகவரி 1000, அப்பர் சாங்கி ரோடு நார்த். கைப்பேசியில் பெயரைத் தேடுவதைவிட 507707 என்ற அஞ்சல் குறியீட்டைத் தட்டச்சு செய்வது நல்லது. பழைய வழிகாட்டிகளையும் நம்பாதீர்கள்: 1988இல் சிறையை ஒட்டி அமைந்த அரும்பொருளகம், சிறை விரிவாக்கத்தின் காரணமாக 2001இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது.

அப்பர் சாங்கி நிலையத்திலிருந்து நடப்பது

நிலையத்தின் பெயரும் சாலையின் பெயரும் ஒத்திருப்பதால் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்து நடக்கிறார்கள். இரண்டரை கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் அது. முதியவர்களோடு நண்பகல் வெயிலில் நடக்கக்கூடிய தூரமே அல்ல. அங்கிருந்தும் அதே 2ஆம் எண் பேருந்துதான்.

லிட்டில் இந்தியாவில் ஏறி அசையாமல் உட்கார்ந்திருப்பது

டௌன்டவுன் பாதை லிட்டில் இந்தியாவிலிருந்து அப்பர் சாங்கிக்கு நேராகவே செல்கிறது என்பது உண்மை. ஆனால் அது முதலில் பேஃபிரண்ட், சைனாடவுன் என்று நகர மையத்தைச் சுற்றிவிட்டு, ஜாலான் புசார் வழியாக ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, அதன் பிறகுதான் கிழக்கே திரும்புகிறது. இரண்டாவது நிறுத்தமான பூகிஸில் இறங்கி, கிழக்கு மேற்கு ரயிலுக்கு மாறிவிடுங்கள்.

திங்கட்கிழமை

வழக்கமாக மூடியிருக்கும்.

பெயர் தேடி வருபவரை இங்கே அழைத்து வருவது

உயிரிழந்த இந்திய வீரர் ஒருவரின் பெயரைத் தேடுகிறோம் என்று வரும் குடும்பங்களைப் புதியவர்கள் சாங்கிக்கே அழைத்து வந்துவிடுகிறார்கள். சாங்கி பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளும் ஐரோப்பியக் குடிமக்களும் அடைபட்டுக் கிடந்த இடம். பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய வீரர்களை ஜப்பானியர்கள் 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க்கில் தனியாகத் திரட்டிவிட்டார்கள். கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கிராஞ்சி போர் நினைவிடத்தின் சுவர்களில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. தங்கள் சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்கும் அங்கே தனி நினைவுச்சின்னம் உண்டு. அது தீவின் வடக்கே இருக்கிறது. வடக்கு தெற்கு ரயில் பாதையில் கிராஞ்சி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். இரண்டு இடங்களையும் ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வருபவர் எதைத் தேடுகிறார் என்று முதல் நாளே கேட்டு, அதற்கேற்ற ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பும்போது

காம்போங் பாரு என்று முகப்பில் போட்டிருக்கும் 2ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள்.