சிக்கனச் சமையல்: காசு ஒழுகும் இடங்கள்

பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைத்துவிட்டு, அதே நாள் இரவு ஒரு கிண்ணம் சாதத்தையும் முந்தாநாள் கூட்டையும் குப்பையில் கொட்டுகிற வீடுகள் நிறைய உண்டு. தோலில் மிச்சம் பிடித்தது இரண்டு ரூபாய் இருக்கும். கொட்டியது அதைப்போல் பத்து மடங்கு. சைவச் சமையலில் வீணாவதில் பெரும்பங்கு அடுப்பு பற்றவைக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது: அரிசி அளக்கும்போது, காய் வாங்கும்போது, எதை முதலில் சமைப்பது என்று முடிவு செய்யும்போது. தோல், தண்டு, விதை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அரிசியைக் கண்ணால் அளப்பது

"ஒரு கை கூடப் போடு, யாராவது வந்தால்?" என்று போட்ட அந்தக் கைதான் தினமும் மிஞ்சுகிறது. ஒரு கைப்பிடி அரிசி 40 முதல் 50 கிராம் இருக்கும். வெந்தால் எடை மூன்று மடங்குக்குப் பக்கம் வரும், அதாவது ஒரு சின்னக் கிண்ணம் சாதம். பொரியல், கூட்டு, குழம்போடு சாப்பிடும் பெரியவருக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 100 கிராம் அரிசி போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு 50, 60 கிராம். பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் உள்ள வீட்டுக்கு மதியத்துக்கு 320 கிராம் தாண்ட வேண்டியதில்லை. வயலில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு ஒன்றரைப் பங்கு போடலாம்.

டம்ளர் மாறினால் கணக்கும் மாறும். ரைஸ் குக்கருடன் வரும் கப் 180 மில்லி, அதில் சுமார் 150 கிராம் அரிசிதான் பிடிக்கும். எவர்சில்வர் டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு. ஒரே ஒரு டம்ளரை அரிசி டின்னுக்குள்ளேயே போட்டு வைத்து, அதில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று ஒரு தடவை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால் போதும். இன்னொன்று, அரிசி மூட்டை மாறும்போது முதல் நாள் கொஞ்சமாக வடித்துப் பாருங்கள். பழைய அரிசி தண்ணீரை அதிகம் இழுக்கும், அதிகம் காணும். புது அரிசி அதே தண்ணீரில் குழைந்துவிடும். குழைந்த சாதத்தை யாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்குவதில்லை, அது அப்படியே மிஞ்சும்.

மிஞ்சிய சாதத்தை மேடையிலேயே விடுவது

மதியம் வடித்த சாதம் இரவு வரை மூடியபடி மேடையில் இருப்பது பல வீடுகளில் வழக்கம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சாதத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும், வறுத்தாலும் போவதில்லை. அதனால் இரவுக்குத் தேவையானதைச் சாப்பாடு முடிந்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் அது விறைத்திருக்கும். தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் 5 நிமிடம் ஆவியில் வைத்தால் பழைய பதத்துக்கு வரும். எலுமிச்சை சாதத்துக்கும் புளியோதரைக்கும் விறைத்த சாதமே நல்லது, உதிரியாக நிற்கும்.

பழைய சோற்றுக்கு முறை வேறு. இரவு வடித்த சாதம் ஆறியதும், அதன்மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி மூட வேண்டும். சூட்டோடு ஊற்றினால் ஒரு வாடை வரும். காலைக்குள் மெல்லப் புளித்திருக்கும். உப்பும் மோரும் காலையில் சாப்பிடும்போதுதான். புழுங்கலரிசிச் சாதம் பருக்கையாக நிற்கும், பச்சரிசி கூழாகிவிடும். குழம்போ பருப்போ கலந்த சாதத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பது பழைய சோறு ஆகாது, ஊசிப்போகும். காலையில் சாப்பிடாமல் விட்டதை மத்தியானத்துக்கு நீட்டுவதும் வேண்டாம்.

வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் ஒரு தவறுதான். ஒரு டம்ளர் கஞ்சி சாம்பாரில் சேர்ந்தால் ஒரு கைப் பருப்பு குறைவாகப் போட்டது தெரியாது.

பருப்பு வேகாமல் கேஸ் வேகிறது

நான்கு பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு தாராளம். பாதி துவரை, பாதி பாசிப்பருப்பு என்று போட்டாலும் ருசி கெடாது, சீக்கிரமும் வேகும். வேகாததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: பருப்பு பழசு, போர்த் தண்ணீர் கடுசு, அல்லது புளியும் தக்காளியும் முன்னாலேயே சேர்த்தது. புளிப்பு பருப்பையும் காயையும் மசியவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே பருப்பு தனியாக வெந்து, காய் முக்கால் வெந்த பிறகே புளிக்கரைசல். வெண்டைக்காய்க்கு மட்டும் இதே குணம் நமக்கு உதவி. வதக்கி நேரே புளித்தண்ணீரில் போட்டால் வழவழப்பு அடங்கும், காயும் உடையாது.

பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு விசில் வந்ததும் தீயைச் சின்னதாக்கினால் போதும். முழுத் தீயில் ஆறு விசில் விடுவது ஆவியாகப் போகும் காசு. பருப்புக்குக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை ஏறி ஆவி போகும் துளையை அடைத்துவிடும். கொண்டைக்கடலை ஊறவைக்க மறந்த நாளில் சோடா உப்பைத் தேடாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஹாட்பாக்ஸில் இரண்டு மணி நேரம் மூடி வைத்து, பிறகு வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விட்டால் போதும்.

மாவு

ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். கிரைண்டருக்கு இது சரியான கணக்கு. மிக்ஸியில் மாவு அவ்வளவு காணாது, அதனால் மூன்றுக்கு ஒன்று போட வேண்டியிருக்கும். ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 60 இட்லி வரும். நான்கு பேர் வீட்டில் நாலு வேளை டிபன். அதற்கு மேல் அரைத்துக் குவிப்பதுதான் "மாவு புளிச்சுப் போச்சு" என்ற புலம்பலின் தொடக்கம்.

உளுந்து பொங்காவிட்டால் இட்லி கல்லாகும். கல்லான இட்லி தட்டிலேயே நிற்கும். உடைத்த உளுந்து விலை கொஞ்சம் குறைவென்று வாங்குவது இங்கே கட்டுப்படியாகாது, முழு உளுந்தின் மாவு காண்பது தனி. உளுந்தை மணிக்கணக்கில் ஊறப்போடுவதும், மாவு சூடாகும்படி மிக்ஸியை விடாமல் ஓட்டுவதும் மாவு பொங்குவதைக் கெடுக்கும். புது உளுந்துக்கு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ஃபிரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை ஒரே அடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம்.

பொங்கியதும் செய்யும் தவறு இன்னும் பெரிது. முழுப் பாத்திரத்தையும் வெளியே எடுத்து, நாலு தோசை ஊற்றி, மறுபடி உள்ளே வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மாவு சூடேறி மேலும் ஒரு படி புளிக்கிறது. பொங்கிய மாவை முதலிலேயே இரண்டு மூன்று டப்பாவாகப் பிரித்து வைத்தால் கடைசி டப்பா ஐந்தாம் நாளும் தோசைக்கு நிற்கும். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு இடம் விடுங்கள். அப்படியும் புளித்துவிட்டால் அரிசி மாவோ ரவையோ ஒரு கை கலந்து, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுக் குழிப்பணியாரம் அல்லது ஊத்தப்பம். புளிப்பை மறைக்கச் சோடா உப்பு போட்டால் சோப்பு வாடை வரும், அதையும் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

காய் வாங்குவதும் வைப்பதும்

என்ன சமைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுச் சந்தைக்குப் போவது சிக்கனத்துக்கு எதிரி. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. அங்கே அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். பலகையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். முருங்கைக்காய் ஏறிய வாரத்தில் சாம்பாருக்குப் பூசணியோ முள்ளங்கியோ போதும். கூறு கட்டி விற்கும் காய் மலிவுதான், ஆனால் பாதி அடிபட்டிருக்கும். அன்றே நறுக்க நேரமிருந்தால் மட்டும் வாங்கலாம்.

வாங்கி வந்ததைச் சமைக்கும் வரிசையும் முக்கியம். கீரை முதல் நாள். வெண்டை, கத்திரி, அவரை இரண்டு மூன்று நாளுக்குள். கோஸ், கேரட், பீட்ரூட் வாரக் கடைசிக்கு. சேனை, பூசணி அறுக்காமல் இருந்தால் வாரங்கள் தாண்டும். பலரும் தலைகீழாகச் செய்வார்கள்: கீரை ஆய நேரமில்லை என்று உருளைக்கிழங்கில் ஆரம்பிப்பார்கள், வெள்ளிக்கிழமை கீரை குப்பைக்குப் போகும். முருங்கைக்கீரைக்கு ஆயவே வேண்டாம். இரவு துணியில் இறுகச் சுற்றி வைத்தால் காலையில் உதறும்போதே பெரும்பாலான இலை உதிரும்.

கழுவி ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்த எதுவும் அழுகும். கொத்தமல்லியின் வேரை நறுக்கி, காகிதத்தில் சுற்றி, மூடும் டப்பாவில் வைத்தால் பத்து நாள் வரும். தண்டை எறியாதீர்கள், ரசத்துக்கு வாசனை கொடுப்பதே தண்டுதான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வேண்டாம், ஒன்றை ஒன்று கெடுக்கும். பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கீரையும் வெள்ளரியும் சீக்கிரம் மஞ்சளாகும்.

தக்காளி மலிந்த வாரத்தில் தொக்கு போடுகிறவர்கள் பாதியில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். ஒரு கிலோ தக்காளிக்கு 100 மில்லி நல்லெண்ணெய், எலுமிச்சை அளவு புளி, 25 கிராம் உப்பு, மூன்று டீஸ்பூன் மிளகாய்த்தூள். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிய வேண்டும். தண்ணீர் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஈரக் கரண்டி பட்டாலும் அப்படியே.

தோல் துவையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீர்க்கங்காய் பிஞ்சாக இருந்தால்தான் தோல் மசியும், முற்றியதை எவ்வளவு அரைத்தாலும் நார் நாக்கில் நிற்கும். முள்ளங்கிக் கீரை, தர்பூசணியின் வெள்ளைச் சதை, பூசணியின் உள்குடல், காலிஃபிளவர் தண்டு: இவை நான்கும் பொரியலாகவோ கூட்டாகவோ துவையலாகவோ நிச்சயம் தேறும்.

தேங்காய் போடும் நேரம்

மிஞ்சிய கூட்டும் பொரியலும் ஊசுவதற்குத் தேங்காய்தான் பாதிக் காரணம். நான்கு பேரில் ஒருவர் இரவு தாமதமாக வருவார் என்றால், தேங்காய் சேர்க்கும் முன்பே அவர் பங்கை எடுத்து வையுங்கள். இரவு சூடாக்கும்போது ஒரு ஸ்பூன் துருவல் போட்டால் புதிதாகச் செய்தது போலிருக்கும். உடைத்த மூடி மிஞ்சினால் துருவி டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைக்கலாம். சட்னிக்குப் பாதி தேங்காய், பாதி பொட்டுக்கடலை போதும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள்

சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரியை நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயும் குப்பைக்குத்தான். அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாத நஞ்சு. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்கள் இந்தியாவிலேயே உண்டு. பச்சை படர்ந்த உருளைக்கிழங்கும் அப்படியே. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையை வறுத்துச் சட்னியாக்குவதால் அதிலுள்ள நஞ்சு முழுதாக அழியாது. பூஞ்சை பட்ட தேங்காயின் மேல்பகுதியைச் சீவிவிட்டு மிச்சத்தை அரைப்பதும் வேண்டாம்.

பொரித்த எண்ணெயை வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கவோ தோசைக்கோ தீர்த்துவிடலாம். மறுபடி பொரிக்கக் கூடாது. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் கேடான பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். 2018 ஜூலை முதல் உணவகங்களின் எண்ணெயில் அவற்றுக்கு 25 சதவீதம் என்று உச்சவரம்பே இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை என்பதால் எண்ணெயின் அளவையே குறைக்க வேண்டியதுதான். அடி குறுகிய சின்ன இரும்புச் சட்டியில் 150 மில்லி எண்ணெய் ஊற்றினால் வடையை நான்கு நான்காகப் பொரித்து எடுக்கலாம். கொஞ்சம் நேரமாகும். கடைசியில் சட்டியில் நிற்கும் எண்ணெய் மறுநாள் தாளிப்புக்குச் சரியாக இருக்கும்.