ஆப்பிரிக்காவில் ஊழியக் குடும்பம்: செட்டிநாட்டிலிருந்து போகிறவர்கள் வீடு நடத்தும் விதம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஆப்பிரிக்காவுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குக் கிளம்பினால் சபையில் ஜெபம் நடக்கும், சால்வை போர்த்துவார்கள், கறிவிருந்தும் உண்டு. அங்கே போய்த் தண்ணீரை எப்படித் தெளிய வைப்பது, பிள்ளையின் ஜட்டியை ஏன் இஸ்திரி போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இது. பெரும்பாலும் தான்சானியாவை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். மலாவி, சாம்பியாவுக்குப் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எங்கள் முதல் யோசனை: போய் இறங்கியதும் மூன்று மாதத்தை வீட்டுக்கே கொடுங்கள். தண்ணீர், கொசுவலை, அடுப்பு, மொழி இந்த நான்கும் நிலைப்பட்ட பிறகு பிரசங்கம் பண்ணலாம். முதல் ஞாயிறே மேடை ஏறிவிட்டு வீட்டு வேலை முழுவதையும் மனைவி தலையில் கட்டினால், ஆறாவது மாதம் அந்த அம்மா உடைந்துபோவார்.

கிளம்பும் முன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அதனால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடமாட்டார்கள். கர்ப்பம், தாய்ப்பால், முட்டை ஒவ்வாமை எது இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 2016-லிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

டாலர் நோட்டுகளைப் புதிதாக, மடிப்பில்லாமல் வாங்குங்கள். பழைய, கசங்கிய நோட்டை அங்கே பல இடங்களில் வாங்கமாட்டார்கள். சின்ன நோட்டைவிட 50, 100 நோட்டுக்கு நல்ல விலை கிடைக்கும்.

பாலித்தீன் பையில் சாமான் கட்டுகிற பழக்கத்தை இங்கேயே விடுங்கள். தான்சானியா 2019 ஜூனிலிருந்து பயணிகள் கொண்டுவரும் பிளாஸ்டிக் கேரி பைகளையும் தடை செய்திருக்கிறது. கென்யாவில் 2017-லேயே தடை வந்துவிட்டது. ருவாண்டாவில் அதற்கும் பல வருஷம் முன்பே. துணிப்பை, சில்வர் டப்பா, நன்றாக மூடும் ஜாடி போதும். கறிவேப்பிலைக் கன்றைத் துணிக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டு போகாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்று இல்லாத செடியையும் விதையையும் பறிமுதல் செய்வார்கள்.

பெட்டியில் எது, சந்தையில் எது

நம் பக்கத்து ஓரியூரில் 1693-ல் உயிர் கொடுத்த பாதிரியார் அருளானந்தர் போர்த்துக்கலில் பிறந்தவர். இங்கே வந்து காவி கட்டினார், தமிழ் பேசினார், இறைச்சியை விட்டுச் சோறும் காய்கறியும் சாப்பிட்டார். நாம் போகிற ஊரிலும் அந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். வீட்டுச் சாப்பாடு நாலு பங்கு என்றால் மூன்று பங்கு அந்த ஊர்ச் சந்தையிலிருந்து வரட்டும். ஒரு பங்கு மட்டும் பெட்டியிலிருந்து வரட்டும்.

கிராம்பு, ஏலக்காய், மிளகு, பட்டை எதையும் சுமக்க வேண்டாம். சான்சிபார் தீவே கிராம்புக்குப் பேர்போனது. கிடைக்காதவை கல்பாசியும் மராட்டி மொக்கும்தான். கல்பாசி எடையே இல்லாத சாமான், 100 கிராம் ஒரு வருஷத்துக்குக் காணும். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குழம்புத்தூள் மாதம் கால் கிலோ என்று கணக்குப் போட்டு மூன்று கிலோ எடுங்கள். குண்டு மிளகாயையும் மல்லியையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, வறுத்து, சூடு முழுக்க ஆறிய பிறகே அரைத்து அடையுங்கள். சூட்டோடு மூடிய தூளில் மூடியின் உட்புறம் வேர்த்து, மூன்றாம் மாதம் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். வெங்காய வடகம் ஒரு கிலோ, மோர்மிளகாய் அரைக் கிலோ, பெருங்காயம் 200 கிராம், உளுந்து ஐந்து கிலோ. டார் எஸ் சலாம், நைரோபி போன்ற பெரிய ஊர்களில் இந்தியக் கடைகள் உண்டு. சின்ன ஊர்களில் உளுந்து அபூர்வம்.

தான்சானியாவில் பேசும் சுவாஹிலியில் புளிக்கு உக்வாஜு என்று பெயர். துவரை ம்பாசி, பாசிப்பயறு சொரோக்கோ, தட்டைப்பயறு குண்டே, கேழ்வரகு உலேசி, முருங்கை ம்லோங்கே, தண்டுக்கீரை ம்ச்சிச்சா. இந்த ஏழு பேரும் தெரிந்தால் சந்தையில் பாதிக் கூடை நிறைந்துவிடும். மரவள்ளிக் கீரையும் விற்பார்கள். அதை நன்றாக இடித்து, நிறையத் தண்ணீரில் வெகுநேரம் வேகவைத்தே சாப்பிட வேண்டும், பச்சையில் நஞ்சு உண்டு. பூஞ்சை பிடித்த, கசக்கிற வேர்க்கடலையையும் சோளத்தையும் வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த நஞ்சு சூட்டில் போகாது, ஈரலைக் கெடுக்கும். கொட்டிவிடுங்கள்.

பணியாரக்கல்லைக்கூடச் சுமக்க வேண்டாம். சுவாஹிலிக் கடற்கரை ஊர்களில் விடும்புவா என்று ஒரு பலகாரம் உண்டு. அரிசி, தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துக் குழிக்கல்லில் ஊற்றிச் சுடுவார்கள். நம் இனிப்புப் பணியாரத்தின் உடன்பிறப்பு. அந்தக் கல்லிலேயே வெள்ளைப் பணியாரமும் சுடலாம். ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கிற அளவு எந்த நாட்டிலும் மாறாது.

கட்டாயம் எடுக்க வேண்டியது பிரஷர் குக்கர். கூடவே இரண்டு ரப்பர் வளையம், இரண்டு சேஃப்டி வால்வு. இரிங்கா, எம்பேயா போன்ற மேட்டு ஊர்கள் 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு இரண்டு மணி நேரமானாலும் மசியாது. அந்தக் குளிரில் இட்லி மாவும் ஒரே இரவில் பொங்காது. மாவுச்சட்டியை வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டிலுக்கு நடுவே வைத்து, கம்பளி சுற்றி மூடி, 14 மணி நேரம் விடுங்கள். மிக்ஸியும் கிரைண்டரும் அங்கே ஓடும், 230 வோல்ட்தான். ஆனால் சுவரில் இருப்பது மூன்று சதுரக்கால் பிளக். மின்சாரம் ஏறி இறங்கும், அதனால் ஸ்டெபிலைசர் இல்லாமல் மாட்டாதீர்கள். இங்கத்திய கேஸ் ரெகுலேட்டர் அங்கத்திய சிலிண்டருக்குப் பொருந்துமென்று நம்பிப் போகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். கரியடுப்பை (ஜிக்கோ) கதவு சாத்திய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். மணமில்லாத புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

உகாலியும் டகாவும்

பிள்ளைகளுக்கு முதல் வாரமே உகாலியைப் பழக்குங்கள். மலாவியில் அதுவே ன்சீமா. கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்கு இது புதிதல்ல. மக்காச்சோள மாவில் தீட்டியது செம்பே, தவிட்டோடு உள்ளது டோனா. டோனாவே உடம்புக்கு நல்லது. ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீர் சூடானதும் இரண்டு கை மாவைக் கரைத்து ஊற்றிக் கஞ்சியாக ஐந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். இதைத் தவிர்த்தால் பச்சை மாவு வாடை போகாது. பிறகு மீதி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, துடுப்பால் சட்டியின் பக்கத்தில் அழுத்தி அழுத்திக் கிண்டுங்கள். துடுப்புக்கு அங்கே ம்வீகோ என்று பெயர். கட்டி இல்லாமல் சட்டியை விட்டு விலகி உருளும்போது இறக்கலாம்.

தொட்டுக்கொள்ள டகா. ஏரியில் பிடித்து வெயிலில் காயவைத்த பொடிமீன், பார்த்தால் நெத்திலிக் கருவாடேதான். சாம்பியாவில் கபென்டா, மலாவியில் உசிப்பா. பெரும்பாலும் கரை மணலில் பரப்பிக் காயவைப்பதால் ஒவ்வொரு மீனின் வயிற்றுக்குள்ளும் மணல் ஒட்டியிருக்கும். தலையைக் கிள்ளி, வயிற்றை நகத்தால் கீறி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முறை அலசுங்கள். ஒவ்வொரு முறையும் மீனைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரோடு சாய்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மணல் திரும்ப மீனோடு சேர்ந்துவிடும். பாத்திரத்தின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், நறநறப்பு நின்றால் போதும். அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, உக்வாஜுக் கரைசல், ஊர்க் குழம்புத்தூள். வெந்தய வாசனையோடு கொதிக்கிற அந்தக் கருவாட்டுக் குழம்புக்குப் பிள்ளைகள் உகாலியைத் தாங்களாகவே கேட்டு வாங்குவார்கள்.

தண்ணீர்

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் தகரக் குழாய்க்குக் கீழே அண்டா வைத்து மழைநீர் பிடிப்பது நமக்குத் தெரிந்த வேலை. அங்கேயும் தகரக் கூரை வீடுகளே அதிகம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர், சிதறியது போக ஆயிரம் நிற்கும். கோடை கழித்து வரும் முதல் மழையைத் தொட்டியில் விடாதீர்கள். பல்லி எச்சம், பறவை எச்சம், தூசி எல்லாம் அதில்தான் வரும். தொட்டி வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள்.

குடிக்க: முதலில் வெள்ளைத் துணியில் வடிகட்டல், பிறகு மெழுகுவர்த்தி வடிவப் பீங்கான் வடிகட்டி, பிறகு கொதி. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிஷம். விறகும் கரியும் தீர்ந்த நாளில் வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி வைத்தால் போதும். கலங்கிய தண்ணீரில் பிளீச் வேலை செய்யாது, வடித்த பிறகே விட வேண்டும். பல் தேய்க்கவும் இதே தண்ணீர்தான்.

விக்டோரியா ஏரியிலும் மலாவி ஏரியிலும் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியாப் புழு தோல் வழியாக நுழையும். நம்மூர் ஊருணியில் குதித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

துணியும் ஈயும்

மாம்பழ ஈ என்று ஒன்று உண்டு. நிழலில் ஈரமாகக் கிடக்கும் துணியில் முட்டையிடும். துணியைப் போட்டதும் புழு தோலுக்குள் போய், சில நாளில் கொப்புளமாக எழும்பும், நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரியும். கட்டி என்று நினைத்து புழு மேலே வரும் முன்பே பிதுக்காதீர்கள். மேலே வாஸ்லைனைக் கெட்டியாகப் பூசிக் கொஞ்ச நேரம் விட்டால் மூச்சுக்காகப் புழு மேலே வரும், அப்போது இரு பக்கமும் அழுத்தி முழுசாக எடுக்க வேண்டும். வராமல் தடுக்கும் வழி இஸ்திரி. எல்லாத் துணிக்கும், குறிப்பாக இடுப்பு எலாஸ்டிக், தையல் மடிப்பு, குழந்தைத் துணி, துண்டு இவற்றுக்குச் சூட்டோடு அழுத்திப் போடுங்கள். கரி இஸ்திரிப் பெட்டி அங்கேயும் கிடைக்கும். தரையில், புல்லில் துணி விரிக்கவே கூடாது.

காய்ச்சல்

ஆப்பிரிக்க மலேரியா நம்மூர் மலேரியா இல்லை. பால்சிபாரம் வகை, இரண்டு மூன்று நாளில் மூளைக்கு ஏறிவிடக்கூடும். குளோரோகுயின் அங்கே பெரும்பாலும் பலிக்காது. எந்தத் தடுப்பு மாத்திரை என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டாக்சிசைக்ளின் ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். கொசு கடிப்பது இருட்டியதிலிருந்து விடியும்வரை. ஆறு மணிக்கு முழுக்கைச் சட்டை, எட்டு மணிக்கு வலைக்குள். மருந்து ஏற்றிய வலையை மெதுவான சோப்பில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயிலும் பிளீச்சும் மருந்தை எடுத்துவிடும். வலை ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லவே கூடாது. மலேரியாவுக்கு அர்ட்டெமெதர்-லூமெஃபான்ட்ரின் மாத்திரை கொடுத்தால் மூன்று நாளில் ஆறு வேளை முழுவதும் முடிக்க வேண்டும். பாலோடோ கொழுப்புள்ள சாப்பாட்டோடோ போட்டால்தான் உடம்பில் ஏறும். வெறும் கஞ்சியோடு போட்டு, பலிக்கவில்லை என்று வருத்தப்படுவது வழக்கமான தவறு.

பேச்சும் வாசலும்

பெரியவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் ‘ஷிக்கமோ’ சொல்ல வேண்டும், அவர்கள் ‘மரஹபா’ என்பார்கள். நம் வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிற மரியாதை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். வாசலில் ‘ஹோடி’ என்று குரல் வந்தால் ‘கரிபு’ என்று அழைத்து உட்காரவையுங்கள். குடும்பம், வயல், ஆடு மாடு என்று நலம் கேட்டு முடித்த பிறகே வந்த காரியம் பேசுவார்கள். நம் திண்ணை மாதிரி வெளியே நிழலில் ஒரு பெஞ்சு போட்டுவிட்டால் வருகிறவர்களுக்கும் வசதி, உள்ளே பிள்ளைகள் படிப்பும் கெடாது. வாரத்தில் ஒரு மாலை மட்டும் குடும்பத்துக்கென்று ஒதுக்கி, அதைச் சபைக்கும் சொல்லிவிடுங்கள். கடன் கேட்டு வருகிறவர்களுக்கு ஊழியர் தன் கையால் கொடுக்காமல், சபைப் பெரியவர்கள் குழு வழியாகவே கொடுப்பது நல்லது. இதைத் தொடக்கத்திலேயே வகுக்காத வீட்டில் உறவும் கெடும், பணமும் தீரும்.

நேரம் கேட்கும்போது கவனம். சுவாஹிலியில் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவார்கள். ‘சா மோஜா’ என்றால் ஒரு மணி என்று பொருள், கடிகாரத்தில் காலை ஏழு. ‘சா டாட்டு’ ஒன்பது. ‘மூன்று மணிக்குக் கூட்டம்’ என்று கேட்டு மதியம் போய் நிற்காதீர்கள்.

பள்ளி ஆண்டு தான்சானியாவில் ஜனவரியில் தொடங்கும், நமக்கு ஜூனில். ஊருக்குத் திரும்பினால் பிள்ளைக்கு அரை வருஷம் இடிக்கும், அதை வகுப்பு சேர்க்கும்போதே கணக்கில் எடுங்கள். பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளை ஊர் விடுதியில் விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். தமிழ் எழுத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் உண்டு. ஆனால் பேச்சுத் தமிழ் அப்பத்தாவோடு போனில் பேசினால்தான் நிற்கும். தான்சானியா நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால், மலாவியும் சாம்பியாவும் மூன்றரை மணி. ஊரில் இரவு எட்டரை என்றால் தான்சானியாவில் மாலை ஆறு. அப்பத்தா சாப்பிட்டு முடித்திருப்பார், பிள்ளை வலைக்குள் போகவில்லை. அதுவே நல்ல நேரம்.

விடுமுறைக்கு ஊர் வந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு யாருக்குக் காய்ச்சல் கண்டாலும், டாக்டரிடம் முதல் வாக்கியமாக ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறோம், மலேரியா பாருங்கள்’ என்று சொல்லுங்கள். வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை எழுதினாலும் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். முதல் சோதனையில் தெரியாவிட்டால் மறுநாளும், அதற்கடுத்த நாளும் எடுக்கச் சொல்லுங்கள்.