மாநில மசோதா பற்றி நம் நகரத்திடம் பேசுவது எப்படி? லாஸ் ஏஞ்சல்ஸ்வாசிகளுக்கு ஒரு செய்முறை

லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இருந்தும் ஓட்டு மட்டும் இல்லாத தமிழர்கள் நிறையப் பேர். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள். சட்டம் போடுவது கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமென்டோவில், நமக்கு அதில் என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அங்கே வரும் மசோதாவை இந்த நகரம் ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பதை மாநகர மன்றம் தீர்மானம் போட்டு முடிவு செய்கிறது. அந்தக் கூட்டத்தில் பேச குடியுரிமை தேவையில்லை.

முதலில் மசோதா எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளில் செனட்டில் தொடங்கியது எஸ்பி, அசெம்பிளியில் தொடங்கியது ஏபி. சட்டமன்றத்தின் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்தால் முழு வாசகமும், எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்பதும் வரும். அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து, நகர எழுத்தரின் (சிட்டி கிளார்க்) தளத்தில் அந்த மசோதா பற்றிய மன்றக் கோப்பைத் தேடுங்கள். மாநில, மத்திய மசோதாக்கள் பற்றிய தீர்மானங்களுக்குத் தனி வரிசை உண்டு: ஆண்டு, அப்புறம் 0002, அதன் பின் எஸ் என்ற எழுத்தும் ஓர் எண்ணும். 2025இல் வந்தது என்றால் 25-0002 என்று தொடங்கும்.

தீர்மானத்தைத் திறந்ததும் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள். மேலே உள்ளவை எல்லாம் காரணங்கள். மேயரின் இசைவோடு நகரம் எடுக்கும் நிலைப்பாடு கடைசியில்தான் இருக்கும். ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டோடு நிற்பதில்லை. ‘திருத்தினால் ஆதரவு’, ‘திருத்தாவிட்டால் எதிர்ப்பு’ என்றும் வரும். உங்களுக்கு மசோதாவில் ஒரே ஒரு பிரிவுதான் உறுத்துகிறது என்றால் இந்த நடுவழிகளில் ஒன்றைக் கேளுங்கள். முழுசாக எதிர்க்கச் சொல்வதைவிட உறுப்பினர்கள் இதற்கு இறங்கி வருவது எளிது.

கோப்பில் நகரத்தின் தலைமைச் சட்ட ஆய்வாளரின் அறிக்கை இருந்தால் அதை விடாதீர்கள். மசோதாவின் சுருக்கம், அவர் தரும் பரிந்துரை, மசோதா இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது எல்லாம் சில பக்கங்களில் கிடைத்துவிடும்.

இனிதான் முக்கியமான இடம். 15 பேர் கொண்ட மன்றத்துக்குப் போகும்முன் இந்தத் தீர்மானங்கள் பொதுவாக விதிகள் மற்றும் அரசுகளுக்கிடையிலான உறவுகளைக் கவனிக்கும் குழுவுக்கு வரும். பலர் குழுவை விட்டுவிட்டு, மன்றத்தில் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். குழுவில் பொதுமக்களைப் பேச விட்டு முடித்த ஒரு பொருளுக்கு, அது பெரிதாக மாறாதவரை, மன்றத்தில் மறுபடி வாய்ப்புத் தராமல் விட, உள்ளாட்சிக் கூட்டங்களுக்கான கலிபோர்னியாவின் பிரௌன் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே குழுவிலேயே பேசிவிடுங்கள். சில தீர்மானங்கள் குழுவைத் தாண்டி நேரே மன்றத்துக்கு வருவதும் உண்டு, அதனால் இரண்டின் நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலை வெளியிட வேண்டும். சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம்தான்.

பேசக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நிமிடம். கோப்பு எண், உங்கள் நிலைப்பாடு, பிறகு உங்கள் தெருவில் நீங்கள் கண்ட ஒரே ஒரு காரணம். இந்த மூன்றும் போதும். வீட்டில் கடிகாரம் வைத்து ஒரு முறை சொல்லிப் பாருங்கள். போக முடியாதவர்கள் கோப்பு எண்ணைப் போட்டு எழுத்திலும் அனுப்பலாம்.

நேரம் இருந்தால் உங்கள் பகுதியின் அக்கம்பக்க மன்றத்தையும் அணுகுங்கள். நகரம் முழுக்க 99 இருக்கின்றன. அவை வாக்கெடுத்து அனுப்பும் சமூகத் தாக்க அறிக்கை கோப்போடு சேர்க்கப்படும். தனி மனிதரின் கடிதத்தைவிட அதற்கு எடை அதிகம் என்பது என் எண்ணம். அங்கு வசிப்பவர், வேலை செய்பவர், சொத்து வைத்திருப்பவர் எல்லாருமே அதில் பங்கெடுக்கலாம்.

தீர்மானம் நிறைவேறிய பிறகும் மசோதாவைப் பின்தொடருங்கள். ரயில், விரைவுப் பேருந்து நிறுத்தங்களுக்கு அருகே அடுக்குமாடிகளை அனுமதிக்கும் எஸ்பி 79ஐ, திருத்தாவிட்டால் எதிர்ப்பதாக மன்றம் 2025 ஆகஸ்ட்டில் 8-5 என்ற வாக்கில் முடிவெடுத்தது. அக்டோபர் 10 அன்று ஆளுநர் அதில் கையெழுத்திட்டார். நகரத்தின் நிலைப்பாடு சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, கருத்தைச் சொல்லும், அவ்வளவுதான். அதே சமயம் மசோதா பல முறை திருத்தப்படும். முதலில் எழுதி வைத்தீர்களே, அந்தத் தேதியை இப்போது ஒப்பிடுங்கள். வாசகம் மாறியிருந்தால், நகரம் எந்த வாசகத்தைப் பார்த்து முடிவெடுத்தது என்று உங்கள் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.