லாஸ் வேகஸில் ஒன்-த்ரீ போக்கர்: முதல்முறை மேசையில் உட்காருபவருக்கு

கல்யாண மண்டபத்து மாடியில் விடிய விடிய ரம்மி ஆடியவர்களுக்குச் சீட்டுப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஆட்கள் லாஸ் வேகஸ் கேசினோவில் போக்கர் அறையைக் கண்டதும் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நானும் மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்தான். நான்காவது முறை உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் 300 டாலர் காலி.

இங்கே ஆடுவது டெக்ஸஸ் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதில் எந்தச் சேர்க்கை எதை வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஃப்ளஷ் பெரிதா ஸ்ட்ரெய்ட் பெரிதா என்று இன்னும் குழப்பம் இருந்தால் முதலில் அதை மனப்பாடம் செய்துவிட்டு வாருங்கள். இது டோர்னமென்ட் இல்லை, கேஷ் கேம். ஒவ்வொரு சிப்பும் நிஜப் பணம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

படி 1: பணத்தை முன்பே பிரித்து வையுங்கள்

ஒன்-த்ரீ என்றால் சின்ன பிளைண்ட் 1 டாலர், பெரிய பிளைண்ட் 3 டாலர். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டியாக வேண்டிய பணம். 300 டாலரோடு உட்கார்ந்தால் கையில் 100 பெரிய பிளைண்ட் இருக்கும், அதுதான் வசதி. 100 டாலரோடும் பல இடங்களில் உட்கார விடுவார்கள். ஆனால் இரண்டு கை (ஒருமுறை சீட்டுப் போட்டு முடிவதுதான் ஒரு கை) தவறினாலே தீர்ந்துவிடும்.

ஒரு ராத்திரிக்கு இரண்டு 300, அதற்கு மேல் இல்லை. அந்த 600-ம் போனால் வாடகையோ ஊருக்கு அனுப்பும் பணமோ இடிக்கக் கூடாது. இடிக்கும் என்றால் மேசைக்குப் போகாதீர்கள். ஏடிஎம் கார்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். கேசினோ ஏடிஎம்மில் கட்டணமும் கொள்ளை.

படி 2: பெயர் கொடுங்கள்

21 வயது ஆகியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டோ லைசென்ஸோ கையில் இருக்கட்டும். முன்மேசையில் “ஒன்-த்ரீ நோ லிமிட்” (கட்டுவதற்கு உச்சவரம்பு இல்லாத ஆட்டம்) என்று சொல்லிப் பெயர் கொடுத்தால் பட்டியலில் சேர்ப்பார்கள். பல அறைகளில் எத்தனை மேசை ஓடுகிறது என்பதைப் பிராவோ என்ற செயலியில் முன்கூட்டியே பார்க்கலாம். கேசினோவின் மெம்பர் கார்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். உட்காரும் நேரத்துக்குச் சாப்பாட்டுக் காசாவது தேறும்.

படி 3: மேசைப் பழக்கம்

புதியவர்கள் திட்டு வாங்குவது இங்கேதான்.

வாயால் சொன்னது சொன்னதுதான், மாற்ற முடியாது. உங்கள் முறை வரும்வரை வாயும் திறக்கக் கூடாது, சீட்டையும் போடக் கூடாது. எதிராளி 10 டாலர் கட்டியிருக்கும்போது பேசாமல் ஒரே ஒரு 25 டாலர் பச்சை சிப்பைப் போட்டால் அதை வெறும் ‘கால்’ (அதே 10 டாலரைக் கட்டுவது) என்றே எடுத்துக்கொள்வார்கள். ஏற்ற வேண்டுமென்றால் முதலில் “ரெய்ஸ்” என்று சொல்லுங்கள். சிப்பை இரண்டு தவணையாகத் தள்ளுவதும் செல்லாது. நடுவில் சேரும் பணக் குவியலுக்குள் (அதுதான் ‘பாட்’) சிப்பை வீசாதீர்கள், உங்கள் முன்னால் வைத்தால் போதும். ஒரு கை ஓடும்போது பாக்கெட்டிலிருந்து பணம் எடுத்துச் சேர்க்க முடியாது. ஜெயித்ததில் பாதியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மீதியோடு ஆடவும் முடியாது.

நண்பரோடு போகிறவர்களுக்கு இன்னொன்று. கை ஓடும்போது ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். “மச்சி, என்னடா வெச்சிருக்க” என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், டீலர் உடனே நிறுத்துவார்.

படி 4: பெரும்பாலான சீட்டைக் கீழே போடுங்கள்

ஒன்பது பேர் மேசையில் மணிக்கு 25, 30 கைதான் வரும். அதில் ஐந்தாறு ஆடினாலே அதிகம். பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி போன்றவை வந்தால் 12, 15 டாலருக்கு ஏற்றி உள்ளே போங்கள். வெறும் 3 டாலர் கட்டி வேடிக்கை பார்ப்பது சலுகை விலையில் நஷ்டம் வாங்குவது. சின்ன ஜோடி கிடைத்தால் அதே எண்ணின் மூன்றாவது சீட்டு ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) வருவது ஏறத்தாழ எட்டரைக்கு ஒருமுறை. வராவிட்டால் பிரியாவிடை கொடுங்கள். டீலர் பட்டன் (கைக்குக் கை சுற்றி வரும் அடையாள வட்டு) உங்களிடம் இருக்கும்போது கொஞ்சம் தாராளமாக ஆடலாம். எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியாக முடிவெடுப்பவர் நீங்கள்.

படி 5: ஒரே ஒரு கணக்கு

நடுவில் 60 டாலர் இருக்கிறது. எதிராளி 30 கட்டுகிறார். கையிலும் மேசையிலுமாக உங்களுக்கு நான்கு ஸ்பேடு, ஃப்ளஷுக்கு இன்னும் ஒன்று வேண்டும். மேசையில் திறக்க மீதி இருப்பது ஒரே ஒரு சீட்டு. நீங்கள் பார்க்காத 46 சீட்டில் 9 ஸ்பேடு, அதாவது சுமார் 20 சதவீதம். நீங்கள் 30 போட்டால் நடுவில் 120 ஆகும், உங்கள் பங்கு 25 சதவீதம். வாய்ப்பு 20, விலை 25. ஸ்பேடு வந்த பிறகும் அவர் இன்னும் பணம் தருவார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் கீழே போடுங்கள். என் முதல் ராத்திரியில் போன 300-இல் பாதி இந்த 20-க்கும் 25-க்கும் இடையில்தான் போனது.

படி 6: ஏற்ற இறக்கம்

முதலில் மேசையின் செலவைப் பாருங்கள். ஒவ்வொரு ‘பாட்’ பணத்திலிருந்தும் கேசினோ ரேக் என்ற பெயரில் தன் பங்கை எடுக்கும். சராசரியாக 4 டாலர் என்று வைத்தால், 30 கைக்கு 120 டாலர், ஒன்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு மணிக்கு 13 டாலருக்கு மேல். ஜெயிக்கும்போது டீலருக்கு ஒரு டாலர் கொடுப்பது தனி. அதனால்தான் சுமாராக ஆடுகிறவர்கள்கூட வருடக் கடைசியில் கீழே நிற்கிறார்கள்.

இப்போது, இதையெல்லாம் தாண்டி மணிக்கு 15 டாலர் சம்பாதிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒன்-த்ரீயில் அது நல்ல ஆட்டம். ஆனால் ஒவ்வொரு மணியும் அந்த 15-ஐச் சுற்றி ஏறத்தாழ 150 டாலர் மேலும் கீழும் ஆடும். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் எதிர்பார்ப்பு 75, ஏற்ற இறக்கம் சுமார் 335 (ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டுவதால் 750 ஆகாது). ஆக, பத்து ராத்திரியில் நான்கு ராத்திரி இவரும் தோற்றுத்தான் வீட்டுக்குப் போவார். 100 மணி நேரம் ஆகட்டும்: எதிர்பார்ப்பு 1,500, ஏற்ற இறக்கமும் 1,500. இவரைப் போல நன்றாக ஆடும் ஆறு பேரில் ஒருவர் அப்போதும் நஷ்டத்தில் இருப்பார். 400 மணி நேரத்தில்தான் அது ஐம்பதில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கும்.

வாரம் ஒருமுறை ஐந்து மணி நேரம் ஆடுகிறவருக்கு 400 மணி நேரம் என்பது ஒன்றரை வருடம்! நேற்று ராத்திரி 280 போனதை வைத்து “நான் மோசமாக ஆடுகிறேன்” என்று முடிவு கட்டவும் முடியாது, 700 வந்ததை வைத்து வேலையை விடவும் முடியாது. இரண்டாவது ஆபத்து பெரியது என்பேன். தோற்றவன் யோசிக்கவாவது செய்கிறான்.

ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் முழுப் பணத்தையும் போட்டு மோதினால் ஏஸ் ஜெயிப்பது 82 சதவீதம். மீதி 18 என்றால் ஐந்தாறு மோதலில் ஒன்று. எனக்கு அது ஒரே ராத்திரியில் இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் நான் செய்ததில் தப்பில்லை. தப்பு அதற்கு அடுத்த கையில் வந்தது: எட்டு-ஐந்தை வைத்துக்கொண்டு 40 டாலர் ரெய்ஸுக்குப் பணம் கட்டினேன். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மனசு சொல்ல ஆரம்பித்தால் சீட்டு கண்ணுக்குத் தெரியாது. எதிரில் இருக்கிறவரின் சிப் மட்டும்தான் தெரியும்.

அதற்கு நான் செய்வது: பெரிய பாட் போனால், ஜெயித்தாலும் சரி, எழுந்து ஒரு சுற்று வெளியே நடப்பேன். சிப்பை மேசையிலேயே விட்டுப் போகலாம், இடம் போகாது. திரும்பி வந்ததும் “இந்த மேசையில் என்னைவிட மோசமாக ஆடுகிறவர் யார்” என்று பார்ப்பேன். பெயர் சொல்ல ஒரு ஆள்கூட இல்லையென்றால் கிளம்பிவிடுவேன்.

படி 7: கிளம்புவது

நேரத்தை வைத்துக் கிளம்புங்கள். “சமமானதும் போகிறேன்” என்று உட்கார்ந்தவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஜெயித்துவிட்டுக் கிளம்புவதில் கூச்சமே வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சிப் அடுக்கும் தட்டைக் கேட்டு வாங்கிச் சிப்பை அடுக்கிக் கேஷ் கவுன்டரில் மாற்றுங்கள்.

மாற்றிய கையோடு தேதி, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று போனில் எழுதிவிடுங்கள். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் எழுதுங்கள். லிஃப்டில் ஏறி அறைக்கு வருவதற்குள் என் நஷ்டம் 40 டாலர் குறைந்துபோன ராத்திரிகள் உண்டு.