மஸ்லெனித்சாவுக்கு ஈஸ்ட் பிளினி சுடுவது எப்படி?

ரஷ்யாவில் குளிர்காலத்தை வழியனுப்பும் மஸ்லெனித்சா, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டருக்கு 49 நாள் முன்பு வரும் ஞாயிறோடு முடியும் ஒரு வாரப் பண்டிகை. 2027-இல் மார்ச் 8 முதல் 14 வரை. அந்த வாரம் இறைச்சி விலக்கு. பால், வெண்ணெய், முட்டை, மீன் உண்டு. எனவே இந்தப் பண்டிகையில் சுடும் தோசை போன்ற ரஷ்ய அப்பமான பிளினிக்குள் கொத்துக்கறி வைப்பதும் சட்டியில் பன்றிக்கொழுப்பு தடவுவதும் மற்ற நாட்களுக்குத்தான்.

ஈஸ்ட் போடாமல் மெல்லிசாகச் சுடும் வீடுகளே இன்று அதிகம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பக்வீட் மாவு புளித்து வரும் மணம் அதில் கிடைக்காது. பண்டிகைக்கு ஈஸ்ட் போட்டுச் செய்வதே நியாயம்.

சுமார் 20 பிளினிக்கு: பக்வீட் மாவு (வட இந்தியக் கடைகளில் குட்டு மாவு) 150 கிராம், மைதா 250 கிராம், பால் 650 மில்லி, உலர் ஈஸ்ட் 7 கிராம், முட்டை 2, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. பக்வீட்டில் குளூட்டன் இல்லை. மைதாவைக் குறைத்தால் திருப்பும்போது கிழியும்.

400 மில்லி பாலை வெதுவெதுப்பாக்கி ஈஸ்ட், பாதிச் சர்க்கரை, பக்வீட் மாவு முழுவதும், மைதா 150 கிராம் சேர்த்துக் கலக்கி மூடி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பொங்கி, நடுவில் லேசாக அமுங்கத் தொடங்கும், அதுதான் பதம். மஞ்சள் கரு, வெண்ணெய், உப்பு, மீதிச் சர்க்கரை, மீதி மைதா சேர்த்து இன்னொரு முறை பொங்க விடுங்கள். பிறகு 250 மில்லி பாலைக் கொதிக்கவைத்து, மாவை விடாமல் அடித்தபடியே நூல் போல ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டினால் மாவு கட்டி தட்டும், ஈஸ்ட்டும் செத்துவிடும். கடைசியாக நுரைக்க அடித்த வெள்ளைக் கருவை மெதுவாகக் கலந்து 20 நிமிடம் விடுங்கள். இதன்பின் கரண்டியால் கலக்கவே வேண்டாம், ஓரத்திலிருந்து அள்ளுங்கள். குமிழ்கள் உடைந்தால் பிளினியில் கண் விழாது.

கனமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, முள்கரண்டியில் குத்திய பாதி உருளைக்கிழங்கை எண்ணெயில் தொட்டுத் தடவுங்கள். முதல் பிளினி உருண்டையாகத்தான் வரும் என்று ரஷ்யப் பழமொழியே உண்டு. சட்டி காயாததுதான் பெரும்பாலும் காரணம். தோசை போலக் கரண்டியால் தேய்க்காதீர்கள். நடுவில் ஊற்றிச் சட்டியைச் சாய்த்துச் சுழற்றினால் தானே பரவும். மேலே ஈரம் மறைந்து ஓரம் பழுத்ததும் திருப்பி, அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் வெண்ணெய் தடவி அடுக்கி மூடுங்கள். மூடாவிட்டால் ஓரம் வறண்டு நொறுங்கும்.

தொட்டுக்கொள்ள ஸ்மெத்தானா எனும் புளித்த பாலேடு, தேன், உப்பிட்ட மீன், மீன்முட்டை. புதன்கிழமை மாமியார் வீட்டில் மருமகனுக்கு பிளினி விருந்து, வெள்ளிக்கிழமை மருமகன் வீட்டில் மாமியாருக்கு. அந்த இரண்டு நாளும் அளவை இரட்டிப்பாக்குங்கள். ஞாயிறன்று மட்டும் இரவுக்குள் தீரும் அளவுக்குக் கரைத்தால் போதும். திங்கள் முதல் பெரிய நோன்பு. பால், வெண்ணெய், முட்டைக்கும் இடமில்லை.